முதல் சம்பளக் கணக்கும் முதல் கடன் அட்டையும்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கரும்பலகை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் இந்தக் கல்வியாண்டில்தான் ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 26,000 ரூபாய். பள்ளி நிர்வாகம் எங்கள் அனைவருக்கும் ஒரு தனியார் வங்கியில் சம்பளக் கணக்கு தொடங்கிக் கொடுத்திருக்கிறது. அதில் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டியதில்லை என்கிறார்கள். கல்லூரிக் காலத்தில் உதவித்தொகைக்காக எங்கள் ஊரில் உள்ள பொதுத்துறை வங்கிக் கிளையில் தொடங்கிய சேமிப்புக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாயோடு அது அப்படியே கிடக்கிறது.

விடுதி வாடகையும் சாப்பாடும் போக, வீட்டுக்கு மாதம் 8,000 ரூபாய் அனுப்புகிறேன். எல்லாச் செலவும் முடிந்து ஐயாயிரம் ரூபாய் அளவுக்கு மிஞ்சுகிறது. சென்ற வாரம் சம்பளக் கணக்கு உள்ள வங்கியின் பிரதிநிதி ஆசிரியர் அறைக்கே வந்து, 60,000 ரூபாய் வரம்புள்ள கடன் அட்டை ஒன்றை ‘வாழ்நாள் முழுவதும் கட்டணமில்லை’ என்று சொல்லித் தர முன்வந்தார். அதோடு, அம்மாவுக்கும் அதே வங்கியில் ஒரு கணக்கு தொடங்கிவிடலாம் என்றார். அம்மாவின் மகளிர் உரிமைத் தொகை இப்போது ஊர்க் கிளையில் உள்ள அவருடைய கணக்கில்தான் வரவாகிறது. உடன் பணிபுரியும் ஓர் ஆசிரியை, இணைய வணிகத் தளத்தோடு இணைந்த வேறொரு அட்டையை வாங்கினால் பொருள் வாங்கும்போதெல்லாம் ஐந்து சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்கிறார்.

பழைய கணக்கை மூடிவிடலாமா? மிச்சப்படும் பணத்தை எந்தக் கணக்கில் வைப்பது? கடன் அட்டை எனக்குத் தேவைதானா, தேவை என்றால் எப்படிப்பட்டது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய பேரேடு எழுதுகிறார்:

வணக்கம் அம்மா. பொதுத்துறை வங்கியொன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கணக்குகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அட்டையைப் பற்றிச் சொல்ல இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

பழைய கணக்கை மூட வேண்டாம். சம்பளக் கணக்கின் சலுகை உங்கள் வேலையைச் சார்ந்ததேயன்றி உங்களைச் சார்ந்ததன்று. தொடர்ந்து சில மாதங்கள், பெரும்பாலான வங்கிகளில் மூன்று மாதங்கள், சம்பளம் வரவாகாவிட்டால் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றப்படும். அன்றிலிருந்து அந்த வங்கியின் குறைந்தபட்ச இருப்பு விதி உங்களுக்கும் பொருந்தும். தனியார் வங்கிகளின் நகரக் கிளைகளில் அது பத்தாயிரம் ரூபாய் என்பது சர்வசாதாரணம். தனியார் பள்ளிகளில் ஆசிரியர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் பள்ளி மாறுவதும், புதிய பள்ளி வேறொரு வங்கியைக் காட்டுவதும் வழக்கமாக இருப்பதால், இது உங்களுக்கு எப்போதோ நேரக்கூடிய தொலைதூரச் சிக்கல் அன்று.

பொதுத்துறை வங்கிகளில் நிலைமை மாறியிருக்கிறது. குறைந்தபட்ச சராசரி இருப்பு வைக்காதவர்களுக்கான அபராதத்தை ஸ்டேட் வங்கி 2020ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கனரா வங்கி, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, பரோடா வங்கி ஆகியவையும் சேமிப்புக் கணக்குகளில் அதையே செய்தன. உங்கள் ஊர்க் கிளை எந்த வங்கியுடையது என்று நீங்கள் சொல்லவில்லை. அங்கே கேட்டு, இருப்பு விதி உண்டா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். விதி இருந்தால், அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுக்கலாம். அந்த வகைக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு என்பதே கிடையாது, ஏடிஎம் அட்டைக்கும் கட்டணமில்லை. ஆனால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். வாடிக்கையாளராகவே செய்யும் வரவோ செலவோ இரண்டு ஆண்டுகள் இல்லாவிட்டால் கணக்கு செயல்படாக் கணக்காக வகைப்படுத்தப்படும். வங்கி சேர்க்கும் வட்டி இதில் சேராது. பத்து ஆண்டுகள் அப்படியே கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதியத்துக்குப் போய்விடும். அதன் பிறகும் உரிமை கோரிப் பெறலாம் என்றாலும் அலைச்சல் அதிகம். எனவே மிச்சமாகும் ஐயாயிரத்தை மாதந்தோறும் சம்பளம் வந்த மறுநாளே அந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கணக்கும் உயிரோடு இருக்கும், யுபிஐ செயலியோடு இணைக்காத கணக்கில் பணம் இருப்பதால் கையும் அடங்கும்.

சேமிப்புக் கணக்கின் வட்டிக்காக வங்கி தேடி அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டேட் வங்கி 2025இல் தன் சேமிப்பு வட்டியை 2.5 சதவீதமாகக் குறைத்தது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் 4 சதவீதம் கிடைக்கிறது. 50,000 ரூபாயை ஓராண்டு முழுவதும் வைத்திருந்தால்கூட இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 750 ரூபாய்தான். இருபதாயிரம் சேர்ந்ததும் அதை நிலையான வைப்புத்தொகையாக மாற்றுவதே பயன் தரும். சிலர் அதிக வட்டிக்காக ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைப்பு வைக்கச் சொல்வார்கள். வணிக வங்கிகளிலும் கூட்டுறவு வங்கிகளிலும் அசலும் வட்டியும் சேர்ந்து ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. ஊர்களில் உள்ள அத்தகைய தொடக்கநிலைக் கடன் சங்கங்களுக்கு அந்தக் காப்பீடு கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இனி, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அம்மாவின் கணக்கு. என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியிலேயே மிகவும் கவனிக்க வேண்டியது அதுதான். ஆதார் வழியாக அனுப்பப்படும் அரசின் நேரடிப் பணப்பயன்கள், ஒருவர் கடைசியாக எந்த வங்கியை ஆதாரோடு அதற்கென இணைத்தாரோ அந்த வங்கிக்குப் போய்ச் சேரும். ஒரே நேரத்தில் ஒரு வங்கிதான் அப்படி இணைந்திருக்க முடியும். புதுக் கணக்கு தொடங்கும் விண்ணப்பத்தில், மானியத் தொகைகளை இந்தக் கணக்கில் பெறச் சம்மதம் என்ற கட்டம் இருக்கும். கையெழுத்து வாங்குபவர் அதையும் சேர்த்து டிக் செய்துவிட்டால், சமையல் எரிவாயு மானியம் போன்றவை சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறும். ஊரில் அம்மா பாஸ்புக்கைப் பதிந்துபார்த்துவிட்டுப் பணம் வரவில்லை என்று அலைவார். மேலும், உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியபோது, வரவான ஆயிரம் ரூபாயைச் சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்துக்குப் பிடித்துக்கொண்டதாகப் புகார்கள் எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அம்மாவின் கணக்கு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

நடைபாதைக் கணக்கு எழுதுகிறார்:

பெரியவர் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். அட்டையைப் பொறுத்தவரை என் கருத்து வேறு யாருக்கும் பிடிக்காது என்று தெரிந்தும் சொல்கிறேன்: வேண்டாம். மாதம் ஐயாயிரம் மிஞ்சுகிற ஒருவருக்கு 60,000 ரூபாய் வரம்பு எதற்கு? வாடகை, பேருந்து, மளிகை என எல்லாவற்றையும் யுபிஐயில் செலுத்த முடிகிறது. அட்டையால் கிடைக்கும் ஒன்றிரண்டு சதவீதத்துக்காக வாங்க நினைக்காத பொருளையும் வாங்குகிறவர்களை என் கடையிலேயே நாள்தோறும் பார்க்கிறேன். அட்டையை நீட்டும்போது விலை கேட்கும் பழக்கமே பலருக்குப் போய்விடுகிறது.

ஐந்தொகை எழுதுகிறார்:

கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் முழுவதுமாக உடன்படவில்லை. சகோதரி இன்னும் சில ஆண்டுகளில் வீட்டுக்கடனோ, முதுகலைப் படிப்புக்குக் கல்விக்கடனோ கேட்கக்கூடும். அப்போது வங்கி பார்ப்பது, ஒருவர் கடனை எப்படித் திருப்பிச் செலுத்தினார் என்பதை வைத்துச் சிபில் போன்ற நிறுவனங்கள் 300 முதல் 900 வரை தரும் மதிப்பெண்ணை. கடனே வாங்காதவருக்கு அந்த மதிப்பெண் உருவாவதில்லை. சிறிய அட்டை ஒன்றை ஒழுங்காகப் பயன்படுத்துவது அதை உருவாக்கும் மலிவான வழி.

‘ஒழுங்காக’ என்பதற்கு ஒரே பொருள்தான் உண்டு. பில்லில் உள்ள முழுத் தொகையையும் கடைசித் தேதிக்குள் செலுத்துவது. பில்லில் இரண்டு தொகைகள் அச்சாகியிருக்கும்: மொத்தத் தொகை ஒன்று, ‘குறைந்தபட்சத் தொகை’ மற்றொன்று. இந்த இரண்டாவது தொகை பெரும்பாலும் மொத்தத்தில் ஐந்து சதவீதத்தை ஒட்டியிருக்கும். அதைச் செலுத்தினால் தாமதக் கட்டணம் வராது என்பது மட்டுமே உண்மை. வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். 40,000 ரூபாய் பில்லுக்கு 2,000 செலுத்தினால் மீதி 38,000. மாத வட்டி 3.5 சதவீதம் என்று கொண்டால் ஒரு மாதத்துக்கு 1,330 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 239 ரூபாய். ஆக, மறுமாதம் நீங்கள் செலுத்தும் பணத்தில் 1,569 ரூபாய் அசலைத் தொடாமலே போய்விடும். அந்த வட்டியும் கடைசித் தேதியிலிருந்து கணக்கிடப்படுவதில்லை, பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும். பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. நகைக்கடன் வட்டி இதில் கால் பங்கு அளவுக்குத்தான் வரும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே அட்டை வந்த அன்றே செய்ய வேண்டியது, கணக்கிலிருந்து பில் தொகையைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் வசதியை ‘மொத்தத் தொகை’ என்று அமைப்பது. பல செயலிகளில் ‘குறைந்தபட்சத் தொகை’ முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அதை மாற்றாமல் விட்டால் பணம் ஒழுங்காகக் கட்டப்படுகிறது என்ற நினைப்பிலேயே கடன் வளரும். பில் தேதியும் முக்கியம். சம்பளம் மாதக் கடைசியில் வருகிறதென்றால், பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி மாதத்தின் முதல் வாரத்தில் விழும்படி பில் சுழற்சியை மாற்றித் தரக் கேட்கலாம். அட்டைதாரருக்கு அந்த வாய்ப்பைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதிமுறைகள் சொல்கின்றன.

எந்த அட்டை என்பதற்கு வருகிறேன். ஐந்து சதவீதம் திரும்பக் கிடைக்கும் அட்டை, அந்த ஒரு தளத்தில் நிறைய வாங்குபவருக்குத்தான். சகோதரியின் செலவில் விடுதி வாடகையும் வீட்டுக்கு அனுப்பும் பணமும்தான் பெரும்பகுதி. பணத்தை ஒருவருக்கு அனுப்ப யுபிஐ வழியாகக் கடன் அட்டையைப் பயன்படுத்த முடியாது. வாடகைக்குச் செயலிகள் மூலம் செலுத்தினாலோ தனிக் கட்டணம் வாங்குகிறார்கள், செலவுக்கு ஈடாக அட்டை தரும் வெகுமதிப் புள்ளிகளும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மளிகை, மருந்து, பெட்ரோல், புத்தகம் என மாதம் ஆறாயிரம் ரூபாய்க்கு அட்டை பயன்படும் என்று வைத்தால், ஆண்டுக்கு 72,000. ஒரு சதவீதம் திரும்பக் கிடைத்தால் 720 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய் உள்ள அட்டை என்றால் ஜிஎஸ்டியோடு 590 போய் 130 ரூபாய் மிஞ்சும். லட்ச ரூபாய் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி என்பார்கள். அந்தத் தள்ளுபடிக்காக இன்னும் 28,000 ரூபாய் செலவழிப்பது யாருக்கு லாபம்? புள்ளிகளைச் சொல்லும்போது ஒரு புள்ளியின் ரூபாய் மதிப்பையும் கேளுங்கள். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு 25 காசு என்றால் அது கால் சதவீதம்.

எனவே ஆண்டுக் கட்டணமே இல்லாத, ரூபே வலையமைப்பில் உள்ள அட்டை உங்களுக்குப் பொருந்தும். ரூபே கடன் அட்டைகளை 2022ஆம் ஆண்டிலிருந்து யுபிஐயோடு இணைக்க முடிகிறது. அட்டை இயந்திரம் இல்லாத சிறு கடையிலும் க்யூஆர் குறியீட்டை வருடிச் செலுத்தலாம். பிரதிநிதி தரும் அட்டையை மறுக்க வேண்டியதில்லை, ஆனால் அவர் வாய்மொழியை நம்ப வேண்டாம். விண்ணப்பத்தோடு ஒரு பக்க முக்கிய விவரத் தாளைத் தர வேண்டியது வங்கியின் கடமை. அதில் ஆண்டுக் கட்டணம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று நிபந்தனையின்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் என்றோ, காப்பீடு எடுத்தால் என்றோ சிறிய எழுத்தில் இருக்கலாம். வரம்பை 25,000 ரூபாயாகக் குறைத்துத் தரக் கேட்பதிலும் தவறில்லை. கடைக்காரரின் அச்சத்துக்கு அதுவே பாதி மருந்து.

அட்டையால் ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். அதற்கு வட்டியில்லா நாட்கள் ஒன்றுகூடக் கிடையாது. எடுக்கும்போதே கட்டணமும் உண்டு.

கரும்பலகை:

மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. அம்மாவின் கணக்கை மாற்றப் போவதில்லை. இன்னொன்று கேட்க வேண்டும். பாடத் தயாரிப்புக்கு 40,000 ரூபாய் விலையுள்ள மடிக்கணினி ஒன்று தேவைப்படுகிறது. அட்டை இருந்தால் ‘வட்டியில்லாத் தவணை’யில் ஆறு மாதத்தில் கட்டிவிடலாம் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையிலேயே வட்டி இல்லையா?

ஐந்தொகை:

வட்டி இருக்கிறது; அதை உங்களுக்குப் பதிலாகக் கடையோ தயாரிப்பாளரோ தள்ளுபடியாக ஏற்றுக்கொள்கிறார்கள். 16 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 40,000 ரூபாய்ப் பொருளுக்கு முன்கூட்டியே 1,802 ரூபாய் கழிக்கப்பட்டு, மீதிக்கு வட்டி சேர்த்து மாதம் 6,667 ரூபாய் வீதம் ஆறு தவணைகள் வரும். ஆனால் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் பில்லில் ஏறும்: சுமார் 324 ரூபாய். தவணைக்கு மாற்றும் கட்டணம் 199 ரூபாய் என்றால் வரியோடு 235. ஆக, சுமார் 560 ரூபாய் கூடுதலாகும். அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் தனித்தனியே காட்ட வேண்டும் என்பது விதி. கடைக்காரரிடம் அந்த விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்பதையும் அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், தவணை என்று சொன்ன பிறகு அந்த விலை வெளியே வராது.

இந்த 560 ரூபாய் பெரிய தொகை அன்று. என் தயக்கம் வேறு. மாதம் மிஞ்சுவது ஐயாயிரம் என்று எழுதியிருந்தீர்கள், தவணை 6,667. முதல் மாதத்திலேயே 1,667 ரூபாய் குறையும், அதை வீட்டுக்கு அனுப்பும் பணத்திலிருந்தோ அட்டையிலிருந்தோதான் எடுக்க வேண்டியிருக்கும். ஒன்பது மாதத் தவணை கிடைத்தால் மாதம் 4,444 வரும், அது உங்களால் இயலும். கிடைக்காவிட்டால் மூன்று நான்கு மாதம் சேமித்துக்கொண்டு, மீதிக்கு மட்டும் தவணை எடுங்கள். தவணைத் தொகை முழுவதும் அட்டையின் வரம்பிலிருந்து கழிக்கப்படும் என்பதால், மடிக்கணினியை அட்டையில் வாங்குவதென்று முடிவெடுத்தால் வரம்பை 25,000ஆகக் குறைக்கச் சொன்ன என் யோசனையை அதுவரை ஒத்திவையுங்கள்.

பழைய பேரேடு:

இரண்டு சிறு சேர்க்கைகள். இரண்டு கணக்குகளிலும் நாமினி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளக் கணக்குகளை மொத்தமாகத் திறக்கும்போது அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். அடுத்து, நீங்கள் செய்யாத பரிவர்த்தனைக்குக் குறுஞ்செய்தி வந்தால் அன்றே வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தவறு உங்களுடையதாகவோ வங்கியுடையதாகவோ இல்லாதபோது, மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு எதுவும் உங்களைச் சேராது என்று ரிசர்வ் வங்கி 2017இல் விதித்திருக்கிறது. ஓடிபியை நீங்களே யாரிடமாவது சொல்லிவிட்டீர்கள் என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பு உங்களுடையது. வங்கி முப்பது நாட்களில் தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி இணையத்திலேயே முறையிடலாம்; அதற்கு அந்தப் புகார் எண்தான் முதலில் கேட்கப்படும்.